369 என்ற பச்சை

சிங்கப்பூரில் தேக்கா சந்தை பக்கம் கடை வைத்திருக்கிறேன். சாமான் எடுக்க வந்த பையன் முழங்கையில் 369 என்று பச்சை குத்தியிருந்தான். “சும்மா ஸ்டைலுக்குத்தான் அண்ணே” என்றான். எனக்கு மனசு பதறிவிட்டது. ஹொக்கியன் மொழியில் அது ‘சலக்காவ்’, இங்குள்ள ரகசியக் கும்பலின் பெயர்.

ஜப்பானியக் குற்றக் கும்பலான ‘யாகுசா’வின் பெயரும் எண்தான்: 8, 9, 3. கூட்டினால் 20, அவர்கள் சீட்டாட்டத்தில் கடைசி இலக்கம்தான் கணக்கு, ஆக பூஜ்யம். ஒன்றுக்கும் உதவாத சீட்டு!

இங்கே 1890-இலேயே பிரிட்டிஷார் இப்படிப்பட்ட ரகசியச் சங்கங்களை ஒடுக்கும் சட்டத்தை நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அவற்றில் உறுப்பினராக இருந்தாலே 3 ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரணையின்றியும் அடைக்கலாம். பெற்றோரே, பிள்ளை யாரோடு சுற்றுகிறான் என்று இன்றே கேளுங்கள்.