ஒரு பெருக்கி, பல பேச்சு

மதுரைக்கு வடகிழக்கே, பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் விளையும் மேலூர்ச் சமவெளி. அங்கே 2001-இல் ஊருக்கு ஊர் இணைய மையங்கள் திறக்கத் தொடங்கின. ‘சாரி’ என்ற அந்தத் திட்டத்துக்கு இணைப்பு கொடுத்தது செம்புக் கம்பியல்ல. சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறை. கிராமத்து மையத்தில் கேமராவால் எடுத்த கண் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்க முடிந்ததும் இந்த இணைப்பால்தான்.

அந்தக் காலத்தில் ஒரு தொலைபேசி இணைப்பு கொடுக்க ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவானது. அதை 10,000-க்கு இறக்கினால்தான் சாதாரணக் குடும்பத்துக்குத் தொலைபேசி எட்டும் என்று பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா திரும்பத் திரும்ப வாதாடினார். கார்டெக்ட் பற்றிப் பேசுபவர்கள் கோபுரத்தையும் 10 கிலோமீட்டர் எட்டும் அலைவரிசையையும் சொல்வார்கள். விலையைக் குறைக்கும் இன்னொரு நுட்பம், இதைப் போன்ற டிஜிட்டல் தொலைபேசி அமைப்புகளின் சில்லுகளுக்குள் நடப்பது, பேசப்படுவதே இல்லை. அதுவும் பேசப்பட வேண்டியதுதான்.

டிஜிட்டல் தொலைபேசியில் குரலை விநாடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட், ஆக விநாடிக்கு 64,000 பிட். கார்டெக்டின் காற்றுவழியில் ஒரு பேச்சுக்குக் கிடைத்ததோ 32,000 பிட்தான். பாதியாகச் சுருக்க ஒரு வழி உண்டு. அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் 4 பிட்டில் அனுப்புவது. ஊகிப்பது ஒரு டிஜிட்டல் ஃபில்டர். 1990-இல் ஜி.726 என்ற பெயரில் வகுக்கப்பட்ட உலகத் தரத்தில், கடைசி 2 வெளியீடுகளையும் கடைசி 6 வித்தியாசங்களையும் வைத்து அது ஊகத்தைக் கணக்கிடுகிறது. எட்டுப் பெருக்கல்கள், ஒரு கூட்டல் வரிசை.

கார்டெக்டில், வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டிக்குள் ஒருவர் பேச்சுதான் ஓடியது. மறுமுனையில் இருந்த இணைப்பகமோ ஆயிரம் சந்தாதாரர்களைத் தாங்க வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் பல பேச்சுகள் அதற்குள் 64,000 பிட்டிலிருந்து 32,000-க்கும், 32,000-லிருந்து 64,000-க்கும் மாற வேண்டியிருந்தது. பேச்சுக்கொரு ஃபில்டர் என்று சில்லில் செதுக்கினால் செலவு தாங்காது. அதைவிட வருத்தமானது, அத்தனையும் பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே 125 மைக்ரோவிநாடி இருக்கிறது. விநாடிக்கு 10 கோடி பெருக்கல் செய்யும் ஒரு பெருக்கிக்கு அந்த இடைவெளியில் 12,500 பெருக்கல் செய்ய முடியும். ஒரு ஃபில்டருக்கு 64 பெருக்கல் தேவை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரே பெருக்கி 195 பேச்சுகளைக் கவனித்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபில்டர் என்பது நினைவோடு வேலை செய்வது. முந்தைய அளவுகள் இல்லாமல் அதற்கு விடை கிடையாது. ஆகவே பகிர முடிவது கணக்குப் போடும் பகுதியை மட்டும்தான். மளிகைக் கடையில் கடைக்காரர் ஒருவர்தான், பற்று நோட்டில் மட்டும் வீட்டுக்கொரு பக்கம் இருப்பதுபோல, ஒவ்வொரு பேச்சுத் தடத்துக்கும் தனி நினைவகம் வேண்டும். பக்கம் மாறி எழுதினால் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் கரகரக்கும்.

இந்த ஏற்பாட்டை 1968-இலேயே பெல் ஆய்வகத்தின் ஜாக்சன், கைசர், மெக்டொனால்ட் மூவரும் தெளிவாக எழுதிவிட்டார்கள். அழகு அதன் எளிமையில் இருக்கிறது. 24 தடங்களின் அளவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் விடுங்கள். ஃபில்டருக்குள் ‘ஓர் அளவு தாமதம்’ என்று இருக்கும் இடத்திலெல்லாம் 24 அளவு தாமதம் என்று மாற்றுங்கள். அவ்வளவுதான். 24 அடி பின்னால் இருப்பது எப்போதும் அதே தடத்தின் பழைய அளவு. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சாதாரண ஃபில்டரில் பெருக்கும் எண்கள் எல்லாத் தடத்துக்கும் பொது. ஊகிக்கும் ஃபில்டரில் அந்த எட்டு எண்களும் பேசுபவர் குரலுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருப்பவை. அதனால் அவற்றையும் தனித்தனியே சேமிக்க வேண்டும். இடையில் காற்றுவழியில் சில பிட்டுகள் சிதைந்தால்? இரு முனைகளின் ஊகங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதற்காகவே அந்த எண்கள் ஒவ்வோர் அளவிலும் துளித் துளியாகத் தேயும்படி தரத்தை வகுத்திருக்கிறார்கள். பழைய பிழை தானாகக் கரைந்து, இரு முனைகளும் மீண்டும் ஒத்துப்போகும். மறதியைக் கணக்காகவே எழுதி வைத்த இந்த முன்யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

செல்பேசி பரவியதும் கார்டெக்ட் ஒதுங்கிவிட்டது. பகிர்வு ஒதுங்கவில்லை, ஆனால் வேகம் அதன் கையைக் கட்டுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அகல 5ஜி அலையை விநாடிக்கு 12.288 கோடி முறை அளக்கிறார்கள். செல்பேசி நிலையத்துச் சில்லு விநாடிக்கு 49.152 கோடி துடிப்பில் ஓடினால், ஒரு ஃபில்டரின் எல்லாப் பெருக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அமைத்தாலும், அதைப் பகிர முடிவது நான்கு தடங்களுக்கு மட்டுமே. 64 ஆன்டெனா கொண்ட நிலையத்துக்கு 16 ஃபில்டர்கள் வேண்டும்.