சிம்மாசனம் யாருக்கு?

ராஜா ராணிக் கதை என்றால் நம் வீடுகளில் எப்போதுமே தனி மவுசுதான். அதிலும், "பட்டத்துக்கு உரியவர் யார்?" என்ற கேள்வி தொடர்கதையில் கிளம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருப்போம்!

அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-ல் தொடங்கித் தொடராக வந்தபோது, சோழர் மகுடம் யார் தலையில் ஏறப் போகிறது என்ற கவலையிலேயே பல குடும்பங்கள் வாரத்துக்கு வாரம் காத்திருந்தன. ஆங்கிலத்தில் மார்க் ட்வெயின் 1881-ல் எழுதிய 'இளவரசனும் ஏழையும்' கதையிலும் இதே சிக்கல்தான். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சிறுவர்கள். இவர்களில் அரசகுமாரன் யார்? கடைசியில், காணாமற்போன அரசாங்க முத்திரை இருக்கும் இடத்தை நினைவுபடுத்திச் சொன்னவனுக்குப் பட்டம் கிடைத்துவிடுகிறது.

கதை எழுதுகிறவருக்கு உரியவர் யாரென்று முதல் அத்தியாயத்திலேயே தெரியும். சரித்திரத்திலோ ஒவ்வொருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கும். தீர்த்து வைக்க முத்திரையும் இராது, மச்சமும் இராது. அப்போது என்ன செய்வது?

இதற்கு இங்கிலாந்தில் ஒரு விடை கிடைத்தது. நம் மதுரை ராஜ்யத்தில் வேறொரு விடை கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மகளா, மருமகனா?

இங்கிலாந்து மன்னன் முதலாம் ஹென்றியின் ஒரே பட்டத்துப் பிள்ளை 1120-ல் கப்பல் மூழ்கி இறந்துபோனான். மிஞ்சியவள் மகள் மடில்டா. அவளையே அரசியாக ஏற்பதென்று பிரபுக்களிடம் ஹென்றி சத்தியம் வாங்கினான். 1135-ல் அவன் கண்ணை மூடியதும் சத்தியம் காற்றில் பறந்தது. சத்தியம் செய்தவர்களில் ஒருவனும், ஹென்றியின் சகோதரி மகனுமான ஸ்டீபனே முடியைச் சூடிக்கொண்டான்.

யுத்தம் மூண்டது. 1141-ல் ஸ்டீபன் சிறைப்பட்டான். மடில்டா முடிசூட லண்டனுக்கு வந்தாள்; ஊர் ஜனங்கள் திரண்டு விரட்டிவிட்டார்கள். ஸ்டீபனின் மனைவி பெயரும் மடில்டாதான்! அவள் படை திரட்டிக் கணவனை மீட்டாள். மறுவருஷம் ஆக்ஸ்போர்டு கோட்டையில் அரசகுமாரி மடில்டா முற்றுகையில் அகப்பட்டாள். பனி மூடிய இரவில் வெள்ளை உடை உடுத்தி, பனியோடு பனியாகத் தப்பிப் போனாள்.

இப்படிச் சுமார் பதினெட்டு வருஷம் நாடு அல்லோலகல்லோலப்பட்டது. 1153-ல் ஸ்டீபனின் மூத்த மகன் இறந்தான். அதன் பிறகு ஒரு வழி பிறந்தது. ஸ்டீபன் உயிரோடு உள்ளவரை அவனே அரசன். அவனுக்குப் பின் மடில்டாவின் மகன் ஹென்றி. எதிரியின் மகனையே தன் வாரிசாக ஸ்டீபன் ஏற்றுக்கொண்டான். 1154-ல் அவன் காலமானதும் சச்சரவில்லாமல் ஹென்றிக்குப் பட்டம் ஆயிற்று.

நம் ஊர் ராணி

இனி மதுரைக்கு வருவோம். திருநகரிலிருந்து பஸ் ஏறி ரெயில்வே ஸ்டேஷன் பக்கம் போனால், எதிரே மங்கம்மாள் சத்திரம் கண்ணில் படும். அந்த ராணி மங்கம்மாளின் பேரன்தான் விஜயரங்க சொக்கநாத நாயக்கர். திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு மதுரை ராஜ்யத்தை ஆண்ட அவர், 1732-ல் பிள்ளை இல்லாமல் காலமானார். அவருடைய ராணி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றாள்.

திருமலை நாயக்கரின் குடும்பக் கிளையில் வந்தவன் வங்காரு திருமலை. "வம்சத்தில் ஆண் பிள்ளை நான் இருக்கும்போது ஒரு பெண்பிள்ளைக்கா சிம்மாசனம்?" என்பது அவன் கட்சி. மீனாட்சி என்ன செய்தாள் தெரியுமா? அந்த வங்காருவின் மகன் விஜயகுமாரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டாள்!

இங்கிலாந்து பதினெட்டு வருஷம் ரத்தம் சிந்திக் கண்டுபிடித்த வழி அல்லவா இது? நம் ராணி அதை ஆரம்பத்திலேயே கண்டுவிட்டாள். வங்காரு பொறுத்திருந்தால் அவன் மகனே மதுரைக்கு அரசன். ஆனால் மகனுக்கு வரப்போகும் மகுடம் தன் தலைக்கே வேண்டும் என்று தகப்பன் ஆசைப்பட்டான். தளவாய் வேங்கடாசாரியும் அவனோடு சேர்ந்துகொண்டான்.

1734-ல் ஆற்காட்டு நவாபின் படை தெற்கே வந்தது. நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் அதை நடத்தி வந்தார்கள். வங்காரு முப்பது லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னான். சப்தர் அலி அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினான். மீனாட்சி ஒரு கோடி ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு சந்தா சாகிபின் துணையை நாடினாள். அவன் புனித நூலின் மேல் ஆணையிட்டு உறுதி சொன்னான். துணியில் சுற்றிய வெறும் செங்கல்லின் மேல்தான் ஆணையிட்டான் என்றும் ஒரு கதை உண்டு.

இரண்டு பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பங்கிட்ட கதை நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அதுவே நடந்தது. 1736-ல் சந்தா சாகிபு மறுபடி வந்தான். கோட்டையைத் தன் வசமாக்கி, ராணியையே காவலில் வைத்தான். மதுரையில் இருந்த வங்காருவின் மேலும் படை போயிற்று. இன்று கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் இருக்கும் அம்மையநாயக்கனூரில் வங்காரு தோற்று, சிவகங்கைப் பக்கம் ஓடிப்போனான். மீனாட்சி விஷம் அருந்தி உயிர் விட்டாள். இருநூறு வருஷத்து நாயக்கர் ராஜ்யம் அதோடு முடிந்தது.

குரங்கின் கதியையும் கேளுங்கள். பின்னால் ஆற்காட்டு நவாபு பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் போட்டியிட்டார்கள். ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மற்றவருக்கு ஆங்கிலேயர் துணை. 1752-ல் திருச்சிராப்பள்ளி அருகே சந்தா சாகிபு தலை இழந்தான். முகம்மது அலி ஜெயித்தான். ஆனால் படைச் செலவுக்காகக் கடனில் மூழ்கினான். 1801-ல் கர்நாடக ராஜ்யம் முழுதும் கும்பெனியார் கைக்குப் போயிற்று. அப்பத்தின் கடைசித் துண்டு போன இடம் அது!

மதுரைக்கு இது புதிதும் அல்ல. 1310-ல் தகப்பன் குலசேகர பாண்டியன் கொலையுண்டபின் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். மறுவருஷமே மாலிக் காபூரின் படை மதுரை வாசலில் வந்து நின்றது.

ஆனால் இதே தமிழ்நாட்டில் பொறுத்தவரும் உண்டு. சிற்றப்பன் முறையாகும் உத்தம சோழர் பட்டத்தை விரும்பியதால், அருண்மொழிவர்மர் அதற்கு ஆசைப்படாமல் விலகி நின்றார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 985-ல் அவருக்கே பட்டம் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன் அவர்தான்.

சிம்மாசனங்கள் போய்விட்டன. ஆனால் ஓட்டு வீட்டுக்கும் அரைக் குழி நிலத்துக்கும் நடக்கும் தாயாதிச் சண்டை போகவில்லையே! பாகத் தகராறு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, மீனாட்சியின் யோசனையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைக் குழந்தை இரண்டு கட்சிக்கும் பொது என்று அவள் கண்டாள். அதை வங்காருவும் கண்டிருந்தால் மதுரையின் கதையே வேறு.