டிராக்டர் ஓட்டப் பழகுவோரும் லைசென்சு விதிகளும்

எருது பூட்டி உழுத காலத்தில், ஏர் பிடிக்கப் பழகும் சிறுவன் தகப்பனார் பின்னால் நடந்தே தொழிலைக் கற்றுக்கொண்டான். பழகிய எருது, பிடிப்பவன் தவறினாலும் வரப்பைக் கண்டு தானே நின்றுவிடும். டிராக்டரோ அத்தகையதன்று, ஓட்டுபவன் நிறுத்தினாலன்றி அது நிற்பதில்லை. எனினும், ஏருக்குப் பழக்கிய முறையிலேயே டிராக்டருக்கும் பழக்கும் வழக்கம் பல கிராமங்களில் இருந்து வருகிறது. பையனை மட்கார்டின்மேல் உட்காரவைத்துச் சில நாள் ஓட்டிக் காட்டுவதும், பிறகு அவனை இருக்கையில் அமர்த்தித் தாம் மட்கார்டில் உட்கார்ந்துகொள்வதுமே அப்பழக்கம். இது சட்டத்துக்கும் பொருந்துவதன்று, உயிருக்கும் அபாயமானது. ஆகவே, லைசென்சு எவ்விடத்தில் வேண்டும், அதனைப் பெறுவது எங்ஙனம், யந்திரத்தைப் பழகும் ஒழுங்கான முறை யாது என்பவற்றைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருப்பது மிகவும் அவசியமாகும்.

லைசென்சு எவ்விடத்தில் வேண்டும்

இந்திய நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கென 1914ஆம் ஆண்டிலும், பின்னர் 1939ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 1989ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆம் தேதி முதல் அமலில் இருந்து வருகிறது. இச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, செல்லுபடியாகும் லைசென்சு இன்றி எவரும் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டலாகாது. பொது இடம் என்பது தார்ச்சாலை மட்டுமன்று. பொதுமக்கள் நுழைவதற்கு உரிமையுள்ள எந்த வழியும் எந்த இடமும் அதில் அடங்கும். ஊர்ப் பொதுக்களம், ஏரிக்கரைப் பாதை, வண்டித்தடம், சந்தைத் திடல் யாவும் இவ்வகையினவே.

ஒருவருடைய சொந்தப் பட்டா நிலத்துக்குள் உழுவதற்கு லைசென்சு கட்டாயமன்று. ஆனால், ஒரே சொந்தக்காரரின் இரண்டு வயல்களுக்கு நடுவே ஊர்ப்பாதை ஒன்று குறுக்கிடுமாயின், அதைக் கடக்கும் சில அடி தூரத்துக்கும் லைசென்சு வேண்டும். ‘வயலுக்குத்தானே போகிறோம்’ என்னும் சமாதானம் விபத்து நேர்ந்த பின் பயன்படாது.

எவ்வகை லைசென்சு

சுமையின்றி 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத எடையுள்ள டிராக்டரைச் சட்டம் இலகுரக மோட்டார் வண்டி வகையிலேயே சேர்த்திருக்கிறது. உழவுக்குப் பயன்படும் டிராக்டர்களின் எடை பெரும்பாலும் இரண்டு டன்னை ஒட்டியதே. ஆகவே, கார் ஓட்டுவதற்குப் பெறும் இலகுரக லைசென்சே இவற்றுக்கும் போதுமானது. டிராக்டர் லைசென்சு உடையவர் டிரைலரைப் பூட்டிய மாத்திரத்தில் அந்த லைசென்சு செல்லாததாகிவிடாது என்று 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. ஆயினும், வேளாண்மைக்கெனப் பதிவான டிராக்டரையும் டிரைலரையும் செங்கல், ஜல்லி முதலியவற்றை ஏற்றும் வாடகைக்கு விடுவது வேறு விஷயம். அதற்குரிய அனுமதியும் இன்ஷூரன்சும் தனியே பெறற்பாலன.

பழகுநர் லைசென்சு

ஓட்டப் பழகுபவர் முதலில் பழகுநர் லைசென்சு பெற வேண்டும். இலகுரக வண்டிக்கு 18 வயது நிரம்பியிருத்தல் அவசியம். கியர் இல்லாத, 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இரு சக்கர வண்டிக்கு மட்டும் 16 வயதில் பெற்றோர் சம்மதத்துடன் லைசென்சு பெறலாம். டிராக்டருக்கு இச்சலுகை இல்லை. மனுவை இணையத்தின் வழியே செய்துகொள்ளலாம். சாலைக் குறிகள், சாலை விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டிய கடமைகள், காவலாளி இல்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள் ஆகியவற்றைப்பற்றி ஒரு சிறு பரீட்சை நடைபெறும். கேள்விகளில் நூற்றுக்கு 60க்குக் குறையாமல் சரியான விடை அளித்தவர்க்கே பழகுநர் லைசென்சு கிடைக்கும். அது ஆறு மாத காலம் செல்லும்.

இந்த லைசென்சுடன் பொது இடத்தில் ஓட்டிப் பழகுவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, லைசென்சு கைவசம் இருத்தல். இரண்டாவது, அவ்வகை வண்டிக்கு நிரந்தர லைசென்சு உடைய ஒருவர் உடனிருத்தல். அவர் வண்டியைத் தாமே அடக்கவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைத் தளத்தில் சிவப்பு நிறத்தில் ஆங்கில ‘எல்’ எழுத்து காணப்படுதல். அத்தளம் 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கும், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்கும் குறையலாகாது.

டிராக்டரில் உள்ள சங்கடம்

மேற்கண்ட இரண்டாவது நிபந்தனை காருக்கு எளிதிற் பொருந்தும். டிராக்டரிலோ ஓட்டுபவர்க்கு ஓர் இருக்கையே உண்டு. மட்கார்டில் உட்கார்ந்திருப்பவரின் கால் பிரேக்குக்கு எட்டாது, கிளட்சுக்கும் எட்டாது. வண்டியை நிறுத்துவதற்குரிய இடத்தில் அவர் இல்லையாதலால், விதி கருதும் ஆசிரியர் ஆகமாட்டார். அன்றியும், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினாலும், பழகுபவன் கிளட்சைச் சட்டென விட்டாலும், மட்கார்டிலிருந்து விழுபவர் பெரிய பின் சக்கரத்தின் கீழேயோ, பின்னால் வரும் கலப்பையின் முன்னேயோதான் விழுவார். காப்பாற்ற ஏறியவரே முதலில் பலியாவது இவ்வகை விபத்தின் இயல்பு.

ஆகையால், சட்டத்துக்கும் க்ஷேமத்துக்கும் ஒருங்கே பொருந்தும் வழி ஒன்றே. பழகுபவர் இலகுரக வண்டிக்குப் பழகுநர் லைசென்சு பெற்று, சாலைப் பயிற்சியை அனுமதி பெற்ற ஓட்டுநர் பள்ளியின் காரில் முடிக்க வேண்டும். அத்தகைய கார்களில் ஆசிரியர் பக்கத்திலும் பிரேக்கு முதலியன அமைந்திருக்கும். டிராக்டர் என்னும் யந்திரத்தைத் தனியே சொந்த வயலுக்குள் பழக வேண்டும். பரீட்சையில் தேறி நிரந்தர லைசென்சு வந்த பின்னரே டிராக்டரைச் சாலையில் இறக்க வேண்டும். முதன்முறை சாலையில் செல்லும்போது, அனுபவமுள்ள ஒருவர் வேறு வண்டியில் முன்னே சென்று வழிகாட்டுதல் நலம்.

வயலில் பழகும் முறை

பயிற்சிக்குரிய நிலம் காய்ந்ததாயும், சமமாயும், கிணறு, வாய்க்கால், உயர்ந்த வரப்பு இவற்றினின்று விலகியதாயும் இருக்க வேண்டும். கற்பிப்பவர் டிராக்டரின்மேல் ஏறாமல், பழகுபவன் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் எட்ட நின்று கைச்சாடையால் நடத்த வேண்டும். ‘நிறுத்து’ என்னும் சாடையை முதலில் முடிவு செய்துகொள்வது அவசியம்.

முதல் நாள் எஞ்சினை ஓட்டாமலே கிளட்சு, பிரேக்கு, கியர், ஹைட்ராலிக் நெம்புகோல், எஞ்சினை நிறுத்தும் பிடி ஆகியவற்றைப் பாராமலே தொடுமளவுக்குப் பழக வேண்டும். எஞ்சினைக் கிளப்புமுன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்றும், பி.டி.ஓ. தண்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்து, இருக்கையில் அமர்ந்தபடியே கிளப்ப வேண்டும். தரையில் நின்று கிளப்புதல் கூடாது. அடுத்து, தாழ்ந்த கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டுப் புறப்படுவதையும் நிறுத்துவதையும் பலமுறை செய்ய வேண்டும். இது கைவந்த பின் திருப்பமும், பின்னோக்கிச் செலுத்துதலும், கடைசியில் கலப்பையும் டிரைலரும் வர வேண்டும். டிரைலர் பூட்டிப் பின்னோக்கும்போது, வண்டி திரும்பும் திசைக்கு எதிர்த்திசையில் டிரைலர் திரும்புமாதலால், இதற்கு அதிகப் பொறுமை வேண்டும்.

டிராக்டர் பின்புறமாகக் கவிழும் காரணத்தைப் பழகுபவன் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். பின் சக்கரம் சேற்றில் புதைந்தோ, இழுக்கும் பாரம் அசையாமலோ இருக்கும்போது கிளட்சைச் சட்டென விட்டால், சக்கரம் சுழலாமையால் எஞ்சினின் வலிமை முழுவதும் முன் பாகத்தை மேலே தூக்கிவிடும். ஒன்றிரண்டு வினாடிக்குள் வண்டி ஓட்டுபவன்மேல் கவிழும். குதித்துத் தப்ப நேரமிராது. பாரத்தைத் தாழ்ந்த இழுவைக் கம்பியிலன்றி உயரமான இடத்தில் பூட்டுவதும் இதே அபாயத்தை விளைக்கும். சேற்றில் சிக்கிய டிராக்டரின் சக்கரத்தோடு கட்டையைக் கட்டி ஏற முயலுதல் மிகவும் கெட்ட பழக்கம். கூடுமானால் பின்னோக்கியே வெளிவர வேண்டும். இல்லையேல் வேறு டிராக்டரைக் கொண்டு இழுக்க வேண்டும். வரப்பைக் கடக்கையில் சாய்வாக ஏறாமல் நேர்குறுக்காக, தாழ்ந்த கியரில் கடத்தல் வேண்டும். கவிழ்வுத் தடுப்புச் சட்டம் பொருத்திய டிராக்டரில் இருக்கைப் பட்டையைக் கட்டிக்கொண்டால்தான் அச்சட்டத்தால் பயனுண்டு.

வயலில் உழும்போது இடப் பிரேக்கையும் வலப் பிரேக்கையும் தனித்தனியே மிதித்துத் திரும்புவது வழக்கம். சாலைக்கு வருமுன் அவ்விரண்டையும் கொக்கியால் ஒன்றாக இணைத்தாக வேண்டும். மறந்து வேகத்தில் ஒரு பக்கத்தை மிதித்தால் வண்டி சுழன்று கவிழும். டீசலை மிச்சப்படுத்தும் பொருட்டு இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதும், இரவில் பின் விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாத டிரைலரை ஓட்டுவதும் விலக்கத்தக்கன.

நிரந்தர லைசென்சுப் பரீட்சை

பழகுநர் லைசென்சு பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டும் பரீட்சைக்குச் செல்லலாம். தவறினால் ஏழு நாள் சென்று மறுமுறை முயலலாம். மூன்று முறை தவறியவர் 60 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். முப்பது வயதுக்குள் பெறும் இலகுரக லைசென்சு 40 வயது வரை செல்லும். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மீண்டும் பரீட்சை எழும். ஆகவே தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

காவிரிப் பாசனக் குடியானவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்தபின் மாசியில் மனுச் செய்தால், மேட்டூர் அணையில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12ஆம் தேதிக்குமுன், காய்ந்த நிலத்தில் நன்கு பழகி, பரீட்சையும் தேறிவிடலாம். சேற்றுழவு தொடங்கிய பின் அவசரமாக ஆள் தேடிப் பழகாதவனை இருக்கையில் ஏற்றும் நிலை அப்போது நேராது. டிராக்டர் முதலிய யந்திரங்களை முறையாகக் கற்க விரும்புவோர்க்கு, ஆந்திரப் பிரதேசத்தில் அனந்தபூர் பகுதியிலுள்ள கார்லதின்னெ என்னும் ஊரில் மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையமும் இருக்கிறது.

சொந்தக்காரரின் உத்தரவாதம்

லைசென்சு இல்லாதவன் ஓட்டினால் குற்றம் அவனோடு நிற்பதில்லை. ஓட்டவிட்ட சொந்தக்காரரும் குற்றவாளியே. 2019ஆம் ஆண்டில் செய்த திருத்தத்தின்படி, இருவருக்கும் தனித்தனியே மூன்று மாதம் வரை சிறையோ, ரூ. 5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டியவன் 18 வயது நிரம்பாதவனாயின், தகப்பனார் முதலிய பாதுகாவலருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும்; அப்பையனுக்கு 25 வயது வரை லைசென்சும் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதையோ, தடுக்கத் தக்க கவனம் செலுத்தியதையோ அவர்களே ருசுப்படுத்த வேண்டும்.

இதனினும் பெரியது நஷ்டஈடு. லைசென்சு இல்லாதவன் ஓட்டி ஒருவர் இறந்தால், இன்ஷூரன்சுக் கம்பெனி இறந்தவர் குடும்பத்துக்குத் தொகையைக் கொடுத்துவிட்டு, அதைச் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலிக்கும்படி தீர்ப்பாவதுண்டு. தீர்ப்பாயம் விதித்த தொகையைக் கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கச் சட்டத்தின் 174ஆம் பிரிவு இடந்தருகிறது. ஒரு நாள் உழவுக்கூலியை மிச்சப்படுத்தப் போய் நிலத்தையே இழக்க நேரிடலாம் என்பது இதன் பொருள். ஆனால் 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இரு விஷயங்களைத் தெளிவாக்கியது. பழகுநர் லைசென்சும் இன்ஷூரன்சு விஷயத்தில் லைசென்சேயாகும். மேலும், சொந்தக்காரர் தக்க கவனம் செலுத்தவில்லை என்பதைக் கம்பெனியே நிரூபிக்க வேண்டும். எனவே, வேலைக்கு வரும் ஓட்டுநரின் லைசென்சைப் பார்த்து, அதன் நகலொன்றை வைத்துக்கொள்பவர் தம்மைத் தாமே காத்துக்கொண்டவராவார்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

உழவுப் பருவம் தொடங்குமுன் கிராம சபையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இவ்விதிகளை எடுத்துரைத்தல் பயன் தரும். பள்ளி விடுமுறை நாட்களில் சிறுவர்கள் டிராக்டர் ஓட்டுவது கண்டால் பெற்றோரை உடனே எச்சரிக்கலாம். களைபறிக்கவும் நடவு நடவும் செல்லும் பெண்களை மட்கார்டிலும் டிரைலரிலும் ஏற்றிச் செல்வதைத் தடுக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு முதல் அரசின் டிஜிலாக்கர் வழியாகக் கைபேசியில் காட்டும் லைசென்சும் செல்லும் என்பதையும் தெரிவிக்கலாம்.

டிராக்டர் ஒரு குடும்பத்தின் உழைப்பைப் பாதியாகக் குறைக்கவல்லது. அதை ஓட்டப்போகும் இளைஞனுக்கு முப்பது நாள் காத்திருப்பும் சில நாள் பொறுமையான பயிற்சியும் பெரிய விலையல்ல. வயலில் யந்திரத்தையும், பள்ளிக் காரில் சாலையையும் பழகி, லைசென்சு கிடைத்த பின் டிராக்டரைச் சாலைக்குக் கொணர்தல் என்னும் இவ்வரிசையை ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரும் தம் வீட்டு நியமமாகக் கொள்வாராக.