ஒத்த நெடுவரிசைகளும் ஒவ்வாத எழுத்துகளும்: ஆரஞ்சு மென்பொருளில் சங்கப் பாடல் தரவுகளை இணைத்தல்

திறவுச்சொற்கள்: தரவு இணைப்பு, ஆரஞ்சு, இயந்திரக் கற்றல், ஒருங்குறி, அகநூல்கள்

முன்னுரை

கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகை 401, நற்றிணை 400, அகநானூறு 400 எனப் பாடல் எண்ணிக்கை கொண்டவை. இவற்றின் திணை, கூற்று, புலவர், அடி எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி, பாடலின் திணையைக் கணினி கணிக்குமாறு பயிற்றுவிக்க விரும்பும் ஆய்வாளர், முதற்கண் மூன்று அட்டவணைகளையும் ஒன்றாக்க வேண்டும். எளிய எழுத்தர் பணியாகத் தோன்றும் இப்படிநிலையிலேயே ஆய்வு முடிவு பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. லூப்லியானா பல்கலைக்கழகத்தில் உருவான ஆரஞ்சு என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இதனை விளக்கலாம். கணினி நிரல் எழுதாமல், விட்ஜெட்டுகள் எனப்படும் செயற்கூறுகளைத் திரையில் கோடுகளால் இணைத்தே இதில் பணியாற்ற முடியும்.

கீழடுக்கும் பக்க இணைப்பும்

கான்கேட்டினேட் என்னும் விட்ஜெட் ஓர் அட்டவணையின் கிடைவரிசைகளுக்குக் கீழே மற்றொன்றின் கிடைவரிசைகளை அடுக்குகிறது. மெர்ஜ் டேட்டா என்பதோ ஒரே பாடலுக்குரிய கூடுதல் செய்திகளைப் பக்கவாட்டில் சேர்க்கிறது. மூன்று நூல்களைத் தொகுப்பதற்கு முன்னதே உரியது.

கான்கேட்டினேட்டில் ஓர் அட்டவணையை முதன்மை அட்டவணையாகக் கொண்டால், அதன் நெடுவரிசைகளே இறுதி வடிவாகும். பிறவற்றில் மிகுதியாக உள்ளவை கைவிடப்படும், இல்லாதவை வெற்றிடமாகும். முதன்மை அட்டவணை இல்லையெனில், எல்லா நெடுவரிசைகளையும் கொள்வதா, அனைத்திற்கும் பொதுவானவற்றை மட்டும் கொள்வதா என்பதை ஆய்வாளரே தெரிவு செய்ய வேண்டும். மூல அட்டவணையின் பெயரைத் தனி நெடுவரிசையாகச் சேர்க்கும் வசதியும் உண்டு. பாடல் எண் 50 மூன்று நூல்களிலும் இருப்பதால் இவ்வசதியைத் தவிர்ப்பது தகாது.

நெடுவரிசைகள் ஒத்தவை எனக் கருதப்படப் பெயரும் தரவு வகையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். குறுந்தொகை முதன்மை அட்டவணையாக நிற்க, அதில் ‘அடி எண்ணிக்கை’ என்றும் அகநானூற்றில் ‘அடிகள்’ என்றும் தலைப்பு இருப்பதாகக் கொள்வோம். அகநானூற்றுப் பாடல்கள் அனைத்திற்கும் அவ்விடம் வெற்றிடமாகும். மென்பொருள் பிழைச்செய்தி எதுவும் தராது. பின்னர்ப் பல கணிப்பு முறைகள் அவ்வெற்றிடத்தைக் கிடைத்த எண்களின் சராசரியால் தாமே நிரப்பிக்கொள்ளும். குறுந்தொகையின் அடியளவு பெரும்பாலும் 4 முதல் 8. அகநானூற்றினது 13 முதல் 31. நெடுந்தொகைப் பாடல்கள் குறும்பாடல்களின் அளவைப் பெற்றுக் கணிப்பிற்குள் நுழைவது இவ்வாறே.

வரிசை எண்ணின் இடர்

மெர்ஜ் டேட்டாவில் கிடைவரிசை எண்ணைக் கொண்டே பொருத்தும் தெரிவும் உள்ளது. நற்றிணையின் 234ஆம் பாடல் கிடைக்கவில்லை. ஓர் அட்டவணை அவ்விடத்தை வெற்று வரியாகக் காக்க, மற்றொன்று அதனை நீக்கியிருப்பின், 235 முதல் 400 வரையுள்ள 166 பாடல்களும் அடுத்த பாடலுக்கோ முந்தைய பாடலுக்கோ உரிய செய்தியைப் பெறும். பாடல் எண் நெடுவரிசையைக் கொண்டு பொருத்துவதே முறை.

எழுத்தளவில் நேரும் பிளவு

தமிழ்த் தரவிற்கே உரிய சிக்கல் இனி வருவது. ஔவையார் என்னும் பெயரைச் சிலர் ‘ஔ’ என்னும் ஓரெழுத்தாலும், சிலர் ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்தாலும் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு இருவேறு புலவர்கள். அவர் பாடியனவாகக் குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 பாடல்கள் கணக்கிடப்படுகின்றன. ஓர் அட்டவணையில் எழுத்து மாறினும் 26 என்னும் தொகை பிளவுபடும். ‘கொ’ என்பதிலும் இத்தகைய இருமை உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவோ, எகரக் குறியும் காலுமாகவோ பதியலாம். இவ்விரண்டும் ஒருங்குறி நெறிப்படி சமமானவை என்பதால் இயல்பாக்கம் என்னும் செயல்முறை இவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘ஒள’ என்பதை இயல்பாக்கம் திருத்தாது; ‘ள’ தனி மெய்யின் வடிவம் அல்லவா? அதனை எடிட் டொமைன் விட்ஜெட்டில் இரு மதிப்புகளையும் ஒன்றாக்கியோ, மூலக் கோப்பிலேயோ திருத்த வேண்டும். சொல்லின் இறுதியில் விடுபட்டு நிற்கும் இடைவெளியும் இவ்வாறே பிளவு உண்டாக்கும்.

இணைத்த பின் டேட்டா டேபிள் விட்ஜெட்டில் கிடைவரிசைகளை எண்ணிப் பார்த்தல் நன்று. கிடைக்காத நற்றிணைப் பாடலை நீக்கிய தொகுப்பில் 1,200 வரிகள் இருத்தல் வேண்டும். புலவர் பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் இரட்டிப்பான பெயர்கள் பெரும்பாலும் அருகருகே வந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும். ஔவையார் மட்டும் ஒகரத்தின் கீழும் தேடப்பட வேண்டியவர்.