நாளுக்கு ஒரு வெண்பா

திருவண்ணாமலையில் பே கோபுரத்துக்குப் பின்னால் மலையேறி விரூபாட்ச குகைக்குப் போகிற வழியில் குகை நமசிவாயர் கோயில் இருக்கிறது. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. நானும் மூச்சு வாங்கத்தான் நின்றேன். அருணாசலத்தின் மேல் தினம் ஒரு வெண்பா என்று விரதம் பூண்டு எழுதியவர் அவர். ரமணர் சொல்லியிருக்கிறார், அவற்றில் ஏராளமானவை தொலைந்துபோனதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

வெண்பா லேசுப்பட்ட வேலை இல்லை. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு. ஓரிடத்தில் தளை தட்டினால் பாட்டே படுத்துவிடும். மனசு ஓடாத நாட்கள் அவருக்கும் இருந்திருக்கும். அன்றைக்கு எழுதியவைதான் முதலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. இதே ஊர் அருணகிரிநாதர் திருப்புகழில் பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. நம் கைக்கு வந்தது சுமார் 1,300.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1945 நவம்பரில் சூரி நாகம்மா ரமணாசிரமத்தில் நடப்பதைத் தெலுங்கில் தன் அண்ணனுக்குக் கடிதமாக எழுதத் தொடங்கினார். பள்ளிப் படிப்பில்லை, சிறு வயதிலேயே கணவரை இழந்தவர், வீட்டிலிருந்தே எழுத்துக் கூட்டிப் படித்தவர். ரமணர் இருக்கும் ஹாலில் கேட்டதை மனசில் வாங்கிக்கொண்டு வந்து எழுதுவார். ஐந்தாண்டுக்குள் 273 கடிதங்கள். ஆசிரமத்துப் பசு லட்சுமியின் சாவும் உண்டு, அன்றைய சில்லறைப் பேச்சும் உண்டு. எழுத்தாளராக வேண்டும் என்று உட்கார்ந்தவர் இல்லை; அண்ணன் காத்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஹாலில் தாளுக்கு மதிப்பு அதிகம். செய்தித்தாளின் ஓரத்து வெள்ளையைக்கூட ரமணர் வெட்டி எடுத்து எழுதப் பயன்படுத்துவார்.

இன்று தாள் பஞ்சம் இல்லை. விடிகாலை கிரிவலப் பாதையில் நடந்துகொண்டே போனிடம் பேசினால் போதும், அதுவே எழுதிவிடும். நானும் செய்து பார்த்தேன். “வெண்பா” என்றேன், “வேணும்பா” என்று எழுதியது. திருத்தாமல் விட்டுவிட்டேன், அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

போனில் எனக்குப் பிடிக்காதது வேறொன்று. அதில் எதுவும் தொலைவதில்லை. காலையில் எழுதியதைக் காலையிலேயே நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். சாயங்காலம் படித்தால் கூசுகிறது, ஆனால் அதற்குள் முப்பது பேர் கைகூப்பியிருப்பார்கள். மோசமாக எழுதிப் பழக ஒரு மறைவிடம் வேண்டியிருக்கிறது.

அதனால் தேரடி வீதியில் நூறு பக்க நோட்டு வாங்கி, தினம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதம் முழுக்க வெயிலைப் பற்றியே எழுதியிருக்கிறேன் (திருவண்ணாமலையில் வேறென்ன எழுதுவது!). மூன்றாவது நோட்டில்தான், எங்கள் தெருவில் பூக்கட்டும் பாட்டி வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துத் தொடைமேல் வைத்துக் கிழிப்பதைப் பற்றி ஆறு வரி, நான்தான் எழுதினேனா என்னும்படி வந்தது.

போன வாரம் அந்த ஆறு வரியோடு வேறு இரண்டு பத்தியையும் பெயர்த்தெழுதிக்கொண்டு, ஏழு நோட்டையும் எடைக்குப் போட்டேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தராசில் வைக்கும் முன் கடைக்காரர் கடைசி நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“பின்னாடி வெறும் பக்கம் கெடக்கு சார். கிழிச்சு எடுத்துக்கங்க.”