போர்வெல்லுக்குள் ஒரு கண்

திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியாவெங்கும் சென்று போர்வெல் போடுவதை நாம் அறிவோம். சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் நீர் ஓடுகிறது. வீட்டுப் போர்வெல் வற்றினால், கடன் வாங்கியேனும் வேறோர் இடத்தில் துளையிடுவோர் பலர்.

அதற்குமுன் வீடியோ கேமராவின் உதவியை நாடலாம். விளக்குடன் கூடிய சிறு கேமராவைக் கேபிளில் கட்டி உள்ளே இறக்குவர். நீர் கசியும் வெடிப்பு, சரிந்த மண், சிக்கிய மோட்டார் ஆகியவை எத்தனை அடியில் உள்ளன என்பது திரையில் தெரியும். கம்ப்ரசரால் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதுமா, புதுத்துளை வேண்டுமா என்று முடிவு செய்ய அது துணைபுரியும்.

நீர் கலங்கியிருந்தால் படம் தெளியாது. நாளை எவ்வளவு ஊறும் என்பதையும் கேமரா சொல்லாது. எனினும், பிறர் சொல்லை மட்டும் நம்பாமல், கண்டு தெளிந்து செலவிடுவதே அறிவுடைமை அன்றோ!