தங்கம் வாங்கியவனும் நம்ம பிள்ளைதான்!

கீழப்பாவூரோ, பாவூர்சத்திரமோ... பையன்களின் போட்டி என்றால் பையன்கள் பாட்டுக்கு விளையாடுவார்கள். சண்டை போடுவது என்னவோ கோட்டுக்கு வெளியே நிற்கிற பெரியவர்கள்தான்! ஈட்டி எறிதலிலும் இதே கதை நடந்தது.

2016 பிப்ரவரி, கௌஹாத்தி. தெற்காசியப் போட்டியில் 18 வயசு நீரஜ் சோப்ரா 82.23 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீமுக்கு 19 வயசு, வெண்கலம். அங்கே ஆரம்பித்தது பழக்கம்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தன் ஈட்டி அர்ஷத் கையில் இருந்ததை நீரஜ் பேட்டியில் சாதாரணமாகச் சொல்ல, 'சதி'யென்று குதித்தது ஒரு கூட்டம். "விதிப்படி யாரும் எடுக்கலாம், என் பேரைச் சொல்லி வெறுப்பை வளர்க்காதீர்கள்" என்கிற அர்த்தத்தில் நீரஜ் பதில் கொடுத்தார்.

2024 மார்ச்சில், ஏழெட்டு வருஷமாக ஒரே ஈட்டி, அதுவும் பழுது என்று அர்ஷத் சொன்னபோது, அவருக்காகப் பேசியதும் நீரஜ்தான். ஆகஸ்டில் பாரிஸ். அர்ஷத் 92.97 மீட்டர், ஒலிம்பிக் சாதனையோடு தங்கம்! நீரஜ் 89.45, வெள்ளி.

'நஷ்டக் கணக்கு' என்கிறீர்களா? அன்றுவரை நீரஜ் எறிந்ததிலேயே இரண்டாவது அதிக தூரம் அது. எதிராளி பலசாலியானால் நம் கையும் நீளும் சார்!

தங்கம் வாங்கியவனும் நம்ம பிள்ளைதான் என்றார் நீரஜின் அம்மா சரோஜ் தேவி.

புரமோஷன் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டதா? முதல் ஆளாய்ப் போய்க் கை கொடுங்கள். காபி அவர் வாங்கித் தரட்டும்!